பூங்கோதை டூட்டியில் இருக்கிறாள்

பூங்கோதையின் கட்டைவிரல் நின்றுபோனதை முதலில் கவனித்தவள் கிரேஸ்லின்தான்.

கோயம்புத்தூரில் பெயர் பெற்ற ஒரு தனியார் மருத்துவமனை. அதன் மூன்றாம் மாடியில், நினைவு தப்பி உயிர் மட்டும் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கென்று ஒரு வார்டு இருந்தது. அங்கே ஜன்னலோரப் படுக்கையில் கிடந்த பூங்கோதை வெளியாள் அல்ல; அதே வார்டில் கிரேஸ்லினோடு வேலை பார்த்த நர்ஸ். ஒருநாள் நைட் டூட்டி முடிந்தும் அவளை மாற்றிவிட ஆள் வரவில்லை. காலை டூட்டியையும் அவளே பார்த்தாள். ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது கண் அசந்து மேம்பாலத்துச் சுவரில் மோதினாள். 'கவனக்குறைவாக ஓட்டியதால் நேர்ந்த விபத்து' என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தது. இருந்த கவனத்தையெல்லாம் வார்டிலேயே பிழிந்து எடுத்துக்கொண்டு அனுப்பினால், வண்டி ஓட்ட மிச்சம் எங்கே இருக்கும்? போனால் போகிறதென்று படுக்கையை மட்டும் இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெருந்தன்மையைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியும் காட்டினார்கள்.

நர்சுகளிடம் ஒரு வழக்கம் உண்டு. டூட்டி முடிந்து கிளம்புகிறவள், அடுத்து வருகிறவளை ஒவ்வொரு படுக்கையாக அழைத்துப் போய், இவருக்கு இன்னது கொடுத்தாயிற்று, இன்னது பாக்கி, முதுகில் இந்த இடம் சிவந்திருக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்லி ஒப்படைக்க வேண்டும். ஓவர் கொடுப்பது என்பார்கள். வருகிறவள் 'எடுத்துக்கிட்டேன்' என்று வாயைத் திறந்து சொல்லாதவரை போகிறவள் வாசலைத் தாண்டக் கூடாது. பூங்கோதை ஓவர் வாங்குவதில் ராட்சசி. எதிரே நிற்பவள் எதையாவது விட்டுவிட்டால் வாயால் கேட்கமாட்டாள். கட்டில் கம்பியில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே நிற்பாள். விட்டது நினைவுக்கு வரும்வரை தட்டல் ஓயாது.

அவள் அந்தப் படுக்கைக்கு வந்த பிறகும், மற்றவர்கள் அவளுக்கு ஓவர் சொல்லுவதை விடவில்லை. பாதி விளையாட்டு, பாதி துக்கம். ஒருநாள் ஷமீமா என்ற இளைய நர்ஸ், ஐந்தாம் படுக்கைப் பெரியவருக்குச் சர்க்கரை பார்த்ததைச் சொல்ல மறந்துவிட்டாள். விரிப்பின் மேல் கிடந்த பூங்கோதையின் கட்டைவிரல் இரண்டு தரம் தட்டியது. ஷமீமா போட்ட கூச்சலில் பக்கத்து வார்டே ஓடி வந்தது. பிறகு வேண்டுமென்றே ஒன்றிரண்டை விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தரமும் தட்டினாள். மூளை நிபுணர் வந்து பார்த்து, இவள் எழுந்துவிடக் கூடும் என்றார். பூங்கோதையின் கணவன் மயில்சாமி லாலா கடை மைசூர்பாகு வாங்கி வந்து மாடி முழுக்கக் கொடுத்தான்.

அந்த விரல்தான் இப்போது நின்றுவிட்டது. கிரேஸ்லின் மூன்று விஷயங்களை விட்டுச் சொன்னாள். ஐந்தை விட்டுச் சொன்னாள். கடைசியில் வாய்க்கு வந்ததை உளறினாள். விரல் விறகுபோலக் கிடந்தது.

"ஏனுங் சிஸ்டர், இன்னைக்காச்சும் வெரலு ஆடுச்சுங்களா?" என்று மயில்சாமி மத்தியானம் வந்து கேட்டபோது, அவள் விரிப்பைச் சரிசெய்துகொண்டே, சாயங்காலம் பார்க்கலாம் என்றாள்.

இரண்டு விஷயங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்திருந்தன என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. உறைக்காததற்குக் காரணம், அந்த நாட்களில் அவள் மிகவும் சந்தோஷமாக இருந்ததுதான்.

மருந்து வண்டிகள் தாமே உருண்டு வந்து படுக்கைக்கருகில் நிற்கும் காலம் அது. நோயாளி மூச்சு விடுவதை வைத்தே ரத்தத்தில் என்ன இருக்கிறதென்று சுவர் சொல்லிவிடும். ஆனால் புரட்டிப் படுக்க வைக்கவும், துடைக்கவும், பயந்தவர் கையைப் பிடித்துக்கொள்ளவும் ஆள்தான் வேண்டியிருந்தது. அந்த ஆளை மட்டும் போடமாட்டார்கள். அதற்குப் பதிலாக நர்சுகளின் நலவாழ்வைப் பற்றி ஆராய்ச்சி செய்தார்கள். வருடா வருடம் யாராவது வந்து, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் நீங்கள் எவ்வளவு களைப்பாக இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு போவார்கள். ஒரு வருடம் யோகா பாய் கொடுத்தார்கள். இன்னொரு வருடம் கேக் வெட்டி, கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். பாய்கள் எல்லாம் பரணில் கிடந்தன.

அந்த வருடம் ஆராய்ச்சிக்கு வந்த டாக்டர் சாரங்கன் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் கேள்வியே கேட்கவில்லை. பூங்கோதையின் விரல் நிற்பதற்குச் சில வாரம் முன்னால், இரண்டாம் மாடியில் ஓர் அறையில் சாய்வு நாற்காலிகளைப் போட்டார். உட்கார்ந்தால் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெல்லிய குழாய் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு காப்பி குடிக்கிற நேரம். எழுந்தால் உடம்பு இறகாக இருக்கும். முதலில் உட்கார்ந்தவள் கிரேஸ்லின். இருபது வருடமாகக் கணுக்காலிலிருந்து கண்ணிமை வரை குடியிருந்த அசதி ஒரேயடியாக விலகியபோது, தன்னுடைய உடம்பு இப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது அவளுக்கு. அழுதுவிட்டாள். மற்ற நர்சுகளை எல்லாம் அவள்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

ஆட்கள் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நிர்வாகம் என்ன செய்யும்? எட்டு மணி நேர டூட்டி பன்னிரண்டானது. யாராவது வேலையை விட்டுப் போனால் அந்த இடத்தை நிரப்பவில்லை. "அதான் உங்களுக்குக் களைப்பே இல்லையே" என்றார்கள். உண்மைதானே என்று இவர்களும் தலையாட்டினார்கள்.

பூங்கோதையைக் குளிப்பாட்டும்போதுதான் கிரேஸ்லின் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தாள். நெடுநாள் படுத்தவர்களின் முகம் அவளுக்குத் தெரியும். மெழுகு பூசினாற்போல, சலனமில்லாமல் இருக்கும். இது அப்படி இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். இமைகள் வீங்கியிருந்தன. வாயோரம் தொங்கியிருந்தது. துண்டை நனைத்துத் துடைக்கத் துடைக்க, நினைவில்லாத பூங்கோதை வாயைப் பிளந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.

கிரேஸ்லின் துண்டை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அது நோயாளி முகமே இல்லை. தொடர்ந்து நைட் டூட்டி பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப்பில் கம்பத்தில் சாய்ந்து நிற்பவளின் முகம். அந்த முகத்தை அவள் எத்தனை காலம் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்!

தலைமாட்டில் ஊதா மூடி போட்ட பை தொங்கிக்கொண்டிருந்தது. ஆய்வுச் சத்துத் திரவம் என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. தினமும் காலையில் அதை மாட்டுவதும், சாயங்காலம் பூங்கோதையிடமிருந்து எடுக்கப்படும் இன்னொரு பையை வெள்ளை மூடி போட்டு ஆய்வுக்கு அனுப்புவதும் வார்டு நர்சின் வேலை. சரியான ஆளா, சரியான மருந்தா, சரியான அளவா என்று எல்லாம் சரிபார்த்துத்தான் கிரேஸ்லின் மாட்டினாள். உள்ளே இருப்பது எங்கிருந்து வருகிறது என்று கேட்க யாரும் அவளுக்குப் படிக்கும்போது சொல்லித்தரவில்லை.

அவள் நேராக இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். நாற்காலியில் ஷமீமா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். நாற்காலிக்குப் பின்னாலிருந்து டெக்னீஷியன் ஒரு பையைக் கழற்றி, ஊதா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

டாக்டர் சாரங்கன் மழுப்பவில்லை. அது ஒன்றுதான் அவரிடம் பாராட்ட வேண்டிய விஷயம். கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, மாணவிக்குச் சொல்வதுபோல் ஆசையாகவே சொன்னார்.

"களைப்புங்கறது வெறும் உணர்ச்சி இல்ல சிஸ்டர். முழிச்சிருக்கற ஒவ்வொரு நிமிஷமும் மூளையைச் சுத்தி இருக்கற நீர்ல ஒரு கழிவு சேருது. அந்த நீரை எடுத்துட்டா களைப்பு போயிடும்."

"எடுத்ததக் கீழ ஊத்த வேண்டியதுதானே?"

"முடியாதே. உங்க மூளைக்கு வேண்டியதும் அதே நீர்லதான் இருக்கு. சுத்தம் பண்ணித் திரும்ப ஏத்தணும். எந்த மெஷினும் அதைச் சுத்தம் பண்ணல. ஆறு வருஷம் முயற்சி பண்ணினேன். தூங்கற மூளை மட்டும்தான் பண்ணுது. அதனால யாராவது தூங்கியாகணும்."

"அப்போ எங்க அழுக்க பூங்கோதை தொவைக்கிறா."

"அவங்க மட்டும் இல்ல, அந்த வார்டுல எல்லாருமே. ஆனா அவங்க மூளைதான் ரொம்ப நல்லா பண்ணுது. எழுந்திருக்கற நிலைமைக்கு வந்திட்டிருந்த மூளை இல்லையா, அதனால." அவர் மேஜை மேலிருந்த ஒரு காகிதத்தைத் தொட்டுக் காட்டினார். "அவங்க கணவர் சம்மதம் குடுத்திருக்கார்."

"அவரு படுக்கைய விட்டு எறக்கிப்போடக் கூடாதேன்னு பயந்து குடுத்திருப்பாரு சார்! என்னன்னு சொல்லிக் கேட்டீங்க? சத்துத் தண்ணின்னா?" கோபம் தலைக்கேறினால் கிரேஸ்லினுக்குச் சொந்த ஊரான மார்த்தாண்டத்துப் பேச்சு வந்துவிடும். "அவ மனுசியாக்கும் சார். மெஷின் இல்லயாக்கும். இத நிறுத்தினா அவ எழும்புவாளா, அத மட்டும் சொல்லுங்க."

"எழுந்திருக்கலாம். எழாமலும் போகலாம். நாற்பது பேருக்காகத் தூங்கற மூளைக்குத் தானா முழிச்சுக்கத் தெம்பு இருக்காது, அது உண்மை." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா யோசிச்சுப் பாருங்க. அவங்க ஏன் அங்க கிடக்கறாங்க? தூக்கத்துல வண்டி ஓட்டி. இது வந்த பிறகு உங்கள்ல ஒருத்தராவது அப்படி மோதினீங்களா? மருந்து மாத்திக் குடுத்தீங்களா?"

"எங்களத் தூங்க விட்டாலும் மோத மாட்டோமே சார்."

"அதுக்கு ஆள் கூடுதலா போடணும். அது என் ஆராய்ச்சில வராது."

கிரேஸ்லின் எழுந்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிடம் இருந்தால் மேஜை மேலிருந்ததை எடுத்து அடித்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. கூடுதலாகப் பத்து நர்சைப் போடுவதைவிட, மனிதக் களைப்பை உறிஞ்சி இன்னொரு மனிதத் தலைக்குள் விடுவது இவர்களுக்குச் சுலபமாகப் பட்டிருக்கிறது! செத்தது பாதி பிழைத்தது பாதியாகப் படுத்த பிறகும் அவளுக்கு டூட்டி போட்டிருக்கிறார்கள். அதுவும் மாற்றிவிட ஆள் இல்லாத டூட்டி. அந்தப் பையை மாட்டிவிட்டதும் தன் கையேதான்.

நர்சிங் சூப்பிரண்டு இந்திராணியிடம் போனாள். முப்பது வருட அனுபவம், கஞ்சி போட்ட புடவை, சிரித்து யாரும் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளன்னைக்கு வெளியூர் ஆஸ்பத்திரிக்காரங்க இதைப் பாக்க வராங்க. அது முடியட்டும். உன் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு கிரேஸ்" என்றார்.

அது எதிர்பார்த்ததுதான். ஷமீமா சொன்னதுதான் எதிர்பாராதது.

"எனக்கு அந்த நாற்காலி வேணும்க்கா" என்றாள் உடை மாற்றும் அறையில், திரும்பிப் பார்க்காமல். "இங்க பன்னெண்டு மணி நேரம். வீட்டுல எம்புள்ள ராத்திரியெல்லாம் இழுப்புல கெடக்குறான். அவரு வெளிநாட்டுல. நான் முழிச்சிருக்கலன்னா யாரு முழிச்சிருப்பா? பூங்கோதக்கா மேல எனக்குப் பாசம் இல்லன்னு நெனைக்காதீங்க. ஆனா அவங்க தூங்குறாங்க. எம்புள்ள மூச்சுக்குத் திணறுறான்."

கிரேஸ்லினால் ஷமீமா மேல் கோபப்படக்கூட முடியவில்லை. இரண்டு பெண்களை ஒருத்திக்கு எதிராக ஒருத்தியாக நிறுத்திவிட்டு, நலவாழ்வு என்று பெயர் வைத்தவர்களை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். அன்று முதல் அவள் நாற்காலியில் உட்காரவில்லை. இரண்டே நாளில் கால் கனத்தது, கண் எரிந்தது. பழைய சனியன் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

விருந்தாளிகள் வந்தார்கள். சேர்மன் தாமே முன்னால் நடந்து, நாற்காலி அறையைக் காட்டி, நர்சுகளை வரிசையாக நிற்கவைத்துக் கைதட்ட வைத்தார். யாரும் மூன்றாம் மாடியைப் பற்றிப் பேசவில்லை. ஊதாப் பையோடு ஷமீமா லிஃப்டை நோக்கிப் போவதைப் பார்த்ததும் கிரேஸ்லினால் அடக்க முடியவில்லை.

"சார், அது எங்க போகுதுன்னு அவங்களுக்குக் காட்ட மாட்டீங்களா? நான் காட்டுறேன் வாங்க."

சேர்மன் தடுப்பதற்குள் விருந்தாளிகள் ஆர்வத்தோடு படியேறிவிட்டார்கள். பூங்கோதை படுக்கை முன்னால் நின்று கிரேஸ்லின் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் யார், ஏன் கிடக்கிறாள், விரல் எப்படித் தட்டியது, எப்படி நின்றது, இந்தப் பைக்குள் இருப்பது என்ன. ஒன்றையும் விடவில்லை. நல்ல ஓவர் கொடுப்பதுபோல் சொன்னாள். சொல்லி முடித்ததும் விருந்தாளிகள் படுக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர்களுக்கு உறைத்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

விருந்தாளிகளில் மூத்தவர், கதர்ச்சட்டை போட்ட சாதுவான மனிதர், தொண்டையைச் செருமினார். சாரங்கனைப் பார்த்துக் கேட்டார்.

"எங்களோடது ஐந்நூறு படுக்கை டாக்டர். அந்த அளவுக்கு எத்தனை பேரு இப்படித் தூங்கினா போதும்?"

அந்த ஆள் கொடூரமாகக்கூடக் கேட்கவில்லை. சமையலுக்கு எத்தனை படி அரிசி வேண்டும் என்பதுபோல் கேட்டார். டாக்டர் சாரங்கனின் முகம் வெளுத்தது.

பையைத் தூக்கிப் பிடித்தபடி ஷமீமா நின்றுகொண்டிருந்தாள். கம்பியில் மாட்ட ஒரு சாண்தான் பாக்கி. அவள் அதை மெதுவாக இறக்கித் தட்டில் வைத்தாள்.

"நான் மாட்டல சார்."

"வேற யாராச்சும் மாட்டுங்க" என்றார் சேர்மன். சுற்றி நின்ற நர்சுகள் ஒருத்தரும் நகரவில்லை. இளைய டாக்டர் ஒருவர் தன் செருப்பையே ஆராய்ந்துகொண்டிருந்தார். "இந்திராணி மேடம், நீங்க மாட்டுங்க. இதென்ன கூத்து!"

இந்திராணி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். பையைக் கையில் எடுத்தார். மூடியைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார், பூங்கோதையின் கருவளையத்தைப் பார்த்தார். பிறகு பையை டாக்டர் சாரங்கனிடம் நீட்டினார்.

"இது இந்த நோயாளிக்கு எந்த வியாதிக்குத் தேவைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க டாக்டர். இப்பவே மாட்டறேன். முப்பது வருஷமா அப்படி எழுதாத எதையும் நான் யாருக்கும் ஏத்தினதில்ல. இதை மட்டும் எப்படி விட்டேன்னு எனக்கே தெரியல."

டாக்டர் சாரங்கன் பையைக் கையில் வாங்கினார். சட்டைப்பையில் பேனா இருந்தது. அவர் எடுக்கவில்லை.

அவ்வளவுதான், நல்லவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று யாரும் கை தட்டிவிட வேண்டாம். மூன்று பேருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பங்கேற்பாளர்களின் ஒத்துழையாமையால் ஆய்வு நின்றது என்று அறிக்கை எழுதப்பட்டது. நாற்காலிகளைத் துணி போட்டு மூடினார்கள். டூட்டி நேரத்தை மட்டும் குறைக்கவில்லை. நர்சுகள் எல்லோரும் சேர்ந்து, எட்டு மணி நேரம் முடிந்ததும் ஓவர் கொடுக்க வந்து நின்றார்கள். எடுத்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் சேர்மன் அறை வாசலில் போய் நின்று, ஒவ்வொரு படுக்கையாக அவருக்கே ஓவர் சொன்னார்கள். நாலைந்து நாள் பொறுத்தவர், பிறகு புது ஆட்களை எடுத்தார். வேண்டியதில் பாதிதான். ஷமீமாவுக்கு நைட் டூட்டி போடக் கூடாது என்று மற்றவர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எல்லோருக்கும் கால் வலித்தது, எல்லோரும் எரிந்து விழுந்தார்கள். களைப்பு அவரவரிடமே இருந்தது.

பூங்கோதையின் கருவளையம் மெல்ல மெல்ல வெளுத்தது. கொட்டாவி நின்றது. ஆனால் விரல் அசையவில்லை. மயில்சாமி கேட்பதையே விட்டுவிட்டான். வருவான், கால் பிடித்துவிடுவான், போவான்.

ஒரு மத்தியானம், டூட்டி மாறும் நேரம். ஷமீமா கிரேஸ்லினுக்கு ஓவர் கொடுத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலோரப் படுக்கைக்கு வந்ததும் வழக்கம்போல் பூங்கோதைக்கும் சேர்த்துச் சொன்னாள். ஐந்தாம் படுக்கைப் பெரியவரை வீட்டார் கூட்டிப்போய்விட்டார்கள், எட்டாம் படுக்கைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது.

டக். டக்.

மயில்சாமி பிடித்துக்கொண்டிருந்த காலை விட்டுவிட்டான். ஷமீமா வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டாம் படுக்கைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று அவள் சொல்லாமல் விட்டிருந்தாள். இப்போது அதைச் சொன்னாள். விரல் நின்றது. ஒட்டிக்கொண்டிருந்த இமைகள் பிரிந்தன. பூங்கோதையின் கண்கள் கூரையைப் பார்த்தன, ஜன்னலைப் பார்த்தன, அலைந்து அலைந்து கிரேஸ்லினிடம் வந்து நின்றன. உதடு அசைந்தது. கிரேஸ்லின் காதை அருகே கொண்டுபோனாள்.

"கிரேஸ்... என்னை மாத்திவிட இன்னும் யாரும் வரலையா?"

கிரேஸ்லினுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முட்டியது. இதைக் கேட்க வேண்டிய காதுகள் எல்லாம் குளிர்பதன அறைகளில் இருந்தன.

"வந்துட்டேன் பிள்ளே" என்றாள். "எடுத்துக்கிட்டேன். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டேன். உன் டூட்டி முடிஞ்சாச்சு."

பூங்கோதை பெருமூச்சு விட்டாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்கள் மூடிக்கொண்டன.

"சிஸ்டர்! ஏனுங் சிஸ்டர், மறுபடியும் போயிட்டாளுங்களா?" மயில்சாமி பதறிப்போய்க் கட்டிலைச் சுற்றி ஓடி வந்தான்.

கிரேஸ்லின் பூங்கோதையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு எட்டி ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

"சத்தம் போடாதீங்க. இது அவளோட சொந்தத் தூக்கம்."